கடப்பாரைக்கு ஊற்றிய தண்ணீர்

அந்த ரேடியோ கொழும்பிலிருந்து வந்தது. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். கடை முதலாளி அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள். இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை லீவு கொடுப்பார். அப்படி ஒரு லீவில் வந்தபோது ரேடியோவைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கினார். பெரிய பெட்டி. செங்கல் கனத்தில் ஒரு பேட்டரி. எங்கள் ஊருக்கு அப்போது கரண்டு கிடையாது. திருச்சுழி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கிடந்த கரிசல்காட்டு ஊர்.

பெட்டிக்குப் பின்னால் இரண்டு ஓட்டை. ஒன்று ஏரியலுக்கு, ஒன்று எர்த்துக்கு. ஏரியல் என்பது செம்பு வலைக்கம்பி. இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே உயரத்தில் இழுத்துக் கட்டியிருக்கும். அதிலிருந்து ஒரு வயர் ஜன்னல் வழியாகப் பெட்டிக்கு வரும். எர்த்து என்பது வாசலில் மண்ணுக்குள் இறக்கிய கடப்பாரை. அதிலிருந்தும் ஒரு வயர். அவர் அரை நாளில் எல்லாவற்றையும் கட்டிவிட்டார். சிலோன் ஸ்டேஷன் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்டது. எப்படிக் கட்டினார் என்று நான் பார்க்கவில்லை. அடுப்படியில் இருந்தேன்.

லீவு முடிந்து கிளம்பும்போது, "நான் இருக்குற ஊரு இதுல பேசும், கேட்டுக்க" என்றார். போய்விட்டார்.

வீட்டில் நானும் மாமியாரும்தான். மாமனார் முன்பே காலமாகிவிட்டார். பிள்ளை அப்போது இல்லை. மாமியாருக்கு ரேடியோ பிடிக்கும். ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். சாயங்காலம் அந்த ஸ்டேஷனில் மரண அறிவித்தல் வாசிப்பார்கள். யார் இறந்தது, எந்த ஊர், அடக்கம் எப்போது என்று. அதற்கு முன்னால் சோகமாக ஒரு வாத்தியம் வரும். வாத்தியம் தொடங்கியதும் மாமியார் எழுந்து போய்க் குமிழைத் திருகிவிடுவார். இழவுச் சேதி தன் வீட்டு வாசல்படி ஏறக்கூடாது என்பார்.

காரணம் இருந்தது. எங்கள் மேலத்தெருவில் ஒருத்தியின் புருசன் கொழும்பில் காய்ச்சலில் இறந்துபோனார். தந்தி வருவதற்கு முன்னால் ரேடியோ சொல்லிவிட்டது. டீக்கடை ரேடியோ. அவள் அந்த நேரம் பக்கத்துக் கடையில் வெல்லம் வாங்கிக்கொண்டு நின்றாள். அருப்புக்கோட்டை என்று வந்தது, புருசன் பெயர் வந்தது. வெல்லம் கையிலேயே இருந்தது. அதற்குப் பிறகு டீக்கடைக்காரர் சிலோன் பக்கம் முள்ளைத் திருப்புவதே இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை. சிலோனில் கலகம் என்றார்கள். ஊரடங்கு போட்டிருக்கிறது, தெருவில் போனால் சுடுகிறார்கள் என்றார்கள். பேப்பர் படிக்கிற ஆட்கள் சொல்லி ஊருக்குள் வந்தது. ஆளுக்கு ஆள் கூட்டிச் சொன்னார்கள். என் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் நின்றுவிட்டது. பங்குனியில் வந்ததுதான் கடைசி.

அதே வாரம் சூறைக்காற்று அடித்தது. மொட்டைமாடிக் கம்பு முறிந்தது. கீழே நட்டிருந்த கம்பு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. வலைக்கம்பி சுருண்டு மாட்டுக் கொட்டத்துக் கூரைமேல் கிடந்தது. ரேடியோவைத் திருகினால் இரைச்சல் மட்டும்.

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பருத்தி கிள்ள உட்கார்ந்தால் கை கிள்ளும், கண் தபால்காரர் வருகிற பாதையில் இருக்கும். உலையில் அரிசி போட்டேனா என்று திறந்து பார்ப்பேன். போட்டிருப்பேன். மறுபடி திறந்து பார்ப்பேன். மாமியார் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருப்பார். இரண்டு பேரும் என் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் என்ன வருமோ என்று இருந்தது.

நான் பஸ் ஏறி அருப்புக்கோட்டை போனேன். ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவர் கடையில் வாசல் வரைக்கும் குழாய் ஸ்பீக்கர்கள் கிடந்தன. நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"வைகாசி முடியிற வரைக்கும் மூச்சு விட நேரமில்லத்தா. எல்லா மைக்செட்டும் கல்யாண வீட்டுல நிக்குது."

"ஏரியலு மட்டுந்தான் விழுந்துருச்சு. கட்டிக் குடுத்தாப் போதும்."

"வீட்டுல ஆம்பள இல்லையா?"

"இருக்காக. கொழும்புல."

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். மறுபடி எடுத்துக்கொண்டார்.

"ஆனியில வாரேன்."

"எப்படிக் கட்டணும்னு சொல்லுங்க. நான் கட்டிக்கிறேன்."

"உசரமா, தொய்வில்லாமக் கட்டணும். துணி காயப்போடக் கொடி கட்ட மாட்டீகளா, அது மாதிரித்தான்" என்றார். அதற்குள் யாரோ ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்து சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். முறிந்த கம்புக்குப் பதில் தொழுவத்துக் கழியை எடுத்தேன். ஏணி கேட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். எதிர்வீட்டு மதினி ஏணியோடு தானும் வந்தாள். வாய்க்காரி. ஆனால் ஏணியைப் பிடித்தால் விடமாட்டாள்.

"எந்தப் பக்கம் பாத்துக் கட்டப் போற?" என்று கேட்டாள்.

நான் அதை யோசிக்கவில்லை. அவர் எந்தப் போக்கில் கட்டியிருந்தார் என்றும் கவனித்து வைக்கவில்லை. மாமியார் வாசலிலிருந்து சொன்னார். "கெழக்க பாத்துக் கட்டு. எம்மகன் ராமேஸ்வரம் போயித்தான் கப்பலேறுனான்."

"நல்லாருக்கே. தூத்துக்குடியில இருந்துதான் தோணி போகுது. எங்க அய்யா கருவாட்டு யாவாரத்துக்குப் போயிட்டு வந்தவுக. தெக்க பாத்துக் கட்டு புள்ள."

"கருவாடு போற வழியிலயா எம்மகன் போனான்?"

"எந்த வழியில போனாலும் ஊரு ஒண்ணுதான சின்னம்மா?"

"அப்ப ஏன் தெக்கங்குற? கெழக்க கட்ட விடு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் மாடியில் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரையும் விட்டால் ஆனி வந்துவிடும். மறு கம்பைக் குப்பைக்கிடங்கு ஓரத்தில் நட்டு, கிழக்குக்கும் தெற்குக்கும் நடுவே, தென்கிழக்கைப் பார்த்துக் கட்டினேன். நீட்டிய விரல் மாதிரி. ஒரு நுனி வீட்டில், மறு நுனி கொழும்பைப் பார்த்து. எங்களுக்கு அப்படித்தான் தோன்றியது. ஒருவரைக் கூப்பிட வேண்டுமானால் அவர் இருக்கிற பக்கம் கையை நீட்டித்தானே கூப்பிடுவோம். இரண்டு நுனியிலும் முன்பு இருந்த பீங்கான் குண்டையே வைத்துக் கட்டினேன். மதினி கீழே நின்று, "சரியா இருக்கு, சரியா இருக்கு" என்றாள்.

சரியாகத்தான் இருந்தது. கொழும்பு அந்த மூலையில்தான் இருக்கிறது. பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அதுதான் கோளாறு என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ரேடியோவைத் திருகினேன். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் சொட்டினதுபோல் இரைச்சல். முள்ளை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தினேன். எங்கோ அடியில் ஒருவர் பேசுவதுபோல் இருக்கும். காதை வைத்தால் போய்விடும்.

"மூக்கடைச்சவன் மாதிரி இருக்கு" என்றாள் மதினி.

மாமியார் உள்ளே போனார்.

இரண்டு நாள் அந்த இரைச்சலோடு இருந்தேன். மூன்றாம் நாள் வாசல் பெருக்கும்போது விளக்குமாறு கடப்பாரையில் தட்டியது. கடப்பாரை ஆடியது. ஆடுகிற பல்போல் ஆடியது. குனிந்து பார்த்தேன். கரிசல் மண் கோடையில் வெடித்துவிடும். கை நுழைகிற அளவு வெடிப்பு. கடப்பாரையைச் சுற்றிலும் மண் விலகி நின்றது. அது பூமியில் நிற்கவில்லை, வெடிப்புக்குள் நின்றது. அவர் கட்டியபோது ஐப்பசி. மண் ஈரமாக இருந்திருக்கும். எர்த்து என்றால் பூமியைத் தொட வேண்டும் என்ற அளவுக்கு எனக்கும் தெரியும். இது தொடவில்லை.

மண்ணை வெட்டி வெடிப்பில் தள்ளி மிதித்தேன். அரிசி கழுவின தண்ணீர் பானையில் இருந்தது. கொண்டுவந்து ஊற்றினேன். பூமி உறிஞ்சியது. இரைச்சல் பாதியாகக் குறைந்தது.

மாமியார் பார்த்துவிட்டார். "மாட்டுக்கு வச்ச கழனித் தண்ணிய இரும்புக்கு ஊத்துறியே. மாடு என்னத்தக் குடிக்கும்?"

அவர் கேட்டது நியாயம். அந்த வருசம் ஊருணி வற்றிப்போயிருந்தது. ஊருணிக்குள்ளேயே ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் கோரி ஊற்றிக் குடத்தை நிரப்ப வேண்டும். ஒரு குடம் நிரம்ப வரிசையில் அரைப்பொழுது போகும். நான் மறுநாளிலிருந்து ஊர்க்கிணற்றுக்குப் போனேன். உப்புக் கிணறு. அடியில் கலங்கலாகக் கொஞ்சம் கிடந்தது. மாடுகூடக் குடிக்காது. அதை இறைத்துக் கொண்டுவந்து காலையிலும் சாயங்காலமும் கடப்பாரைக்கு ஊற்றினேன்.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மதினி சும்மா இருப்பாளா.

"ஏ புள்ள, கடப்பாரை துளுத்துருச்சா?"

"இன்னும் இல்ல மதினி."

"துளுத்தா எனக்கொரு கண்ணு குடு. எங்க வீட்டுலயும் நட்டுக்கிறேன்."

சிரித்துவிட்டுத்தான் போவாள். ஆனால் அடுத்த நாள் அவளும் ஒரு வாளி உப்புத்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

இரைச்சல் குறைந்ததே தவிர, பேச்சு தெளியவில்லை. ஒரு சொல் வரும், இரண்டு சொல் போகும். "ஊரடங்கு" என்று வரும். எங்கே, எத்தனை மணிக்கு என்பது வராது. வந்த சொல்லைவிட வராத சொல் அதிகம் வேலை செய்தது. அடுப்படியில் நிற்கும்போதும் அதை நானே நிரப்பிக்கொண்டிருந்தேன்.

இன்னும் உயரமாகக் கட்டிப் பார்க்கலாம் என்று ஒரு மத்தியானம் ஏரியலை இறக்கினேன். பெட்டிக்கு வருகிற வயர் கீழே மண்ணில் புரண்டது. மாடு மிதித்துவிடும் என்று அதன் நுனியைத் துணிக்கொடியில் சுற்றிவைத்தேன். கொடி என்றால் பழைய இரும்புக் கம்பி. வாசல் தூணிலிருந்து முருங்கை மரம் வரைக்கும் போகும். மாமியார் குளித்துவிட்டு வந்து ஈரச்சேலையை அதில் போட்டார். ரேடியோவை நான் அணைக்க மறந்திருந்தேன்.

வீட்டுக்குள் ஒரு பெண் பேசினாள்.

சத்தம் சன்னமாகத்தான் இருந்தது. ஆனால் சொல் சொல்லாக வந்தது. ஏதோ சோப்பு விளம்பரம். நானும் மாமியாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் கொடியைப் பார்த்தேன். உயரம் இல்லை, ஆள் உயரம்தான். செம்பு இல்லை, துருப்பிடித்த இரும்பு. ஈரச்சேலை காரணமோ என்று அதை எடுத்துப் பார்த்தேன். பேச்சு மாறவில்லை. பிறகு என்ன? தூணிலும் முருங்கையிலும் மாறி மாறி நின்று பார்த்தேன். நான் கட்டிய ஏரியல் கொழும்பைப் பார்த்து நீண்டு கிடந்தது. கொடி அதற்குக் குறுக்கே கிடந்தது.

மாடியில் ஏறினேன். குப்பைக்கிடங்குப் பக்கத்துக் கம்பைப் பிடுங்கினேன். மாட்டுக் கொட்டத்துக்கு அந்தப் பக்கம், கொடி போகிற போக்கிலேயே குழி வெட்டி நட்டேன். மதினி வந்து ஏணியைப் பிடித்தாள்.

"என்ன புள்ள, கொழும்ப விட்டுட்டு மதுரக்கும் போகாம, கோயமுத்தூருக்கும் போகாமக் கட்டுற?"

"வழிய மறிச்சுக் கட்டுறேன் மதினி. வாரது இதுல முட்டட்டும்."

ஏன் அப்படி என்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அன்றைக்குக் கொடி சொன்னது, நான் கட்டினேன்.

கட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கைகால் கழுவாமல் உள்ளே வந்து திருகினேன். தெளிவாக வந்தது. வந்தது அந்தச் சோக வாத்தியம்.

மாமியார் எழுந்தார். பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். குமிழில் கையை வைத்தார். நான், "அத்த" என்றேன். அவர் கை குமிழில் இருந்தது. திருகவில்லை.

வாசிக்கத் தொடங்கினார்கள். அதில் முதலில் பிறந்த ஊர் வரும். பிறகு இருந்த ஊர் வரும். கடைசியில்தான் பெயர். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று. ஊர் வேறு என்றால் அப்போதே மூச்சு வந்துவிடும். யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு வந்தன. மட்டக்களப்பு வந்தது. யாரோ பெற்ற பிள்ளைகள்தான். ஆனாலும் எங்களுக்கு மூச்சு வந்தது.

பிறகு, "இந்தியா, அருப்புக்கோட்டையைப் பிறப்பிடமாகவும்" என்றது.

எங்கள் ஊர்ப்பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அங்கே இருக்கிற எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் ஊர் அருப்புக்கோட்டைதான். மேலத்தெரு ஆளுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

"கொழும்பை வசிப்பிடமாகவும்" என்றது. அதோடு குரல் அமுங்கியது. இரைச்சல் ஏறியது.

எங்கள் பக்கம் புருசன் பெயரைப் பொண்டாட்டி சொல்ல மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. தபால்காரர் கேட்டால்கூட மதினிதான் சொல்லுவாள். நான் சொல்லாத பெயரை இந்தப் பெட்டி இப்போது வீட்டுக்குள் சொல்லப்போகிறதோ என்று நின்றேன். காலை நகர்த்த முடியவில்லை.

மாமியார் நகர்ந்தார். அடுப்படிக்குப் போனார். குடிக்கிற தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். அன்று காலை ஊற்றில் கோரியது. வாசலுக்கு ஓடிப்போய்க் கடப்பாரை மேல் முழுக்குடத்தையும் கவிழ்த்தார். "பேசு" என்றார். கடப்பாரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

தண்ணீரால் வந்ததா, தானாக வந்ததா, தெரியாது. குரல் திரும்பியது. அதற்குள் அந்தப் பெயர் போய்விட்டது. அடக்கம் எப்போது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஸ்டேஷனில் இரண்டு தடவை வாசிப்பார்கள். மறுபடி அருப்புக்கோட்டை வந்தது. மறுபடி கொழும்பு வந்தது. பெயர் வந்தது.

அவர் பெயர் இல்லை. யாரோ வயதான ஓட்டல் முதலாளி. மகன்கள் பெயரெல்லாம் வாசித்தார்கள்.

மாமியார் வாசலில் காலிக்குடத்தோடு நின்றார். "யாரு?" என்று கேட்டார்.

"வேற ஆளு அத்த."

குடத்தை என்னிடம் கொடுத்தார். "ராத்திரிக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. எதிர்வீட்டுல ஒரு சொம்பு வாங்கிட்டு வா" என்றார்.

அன்றிலிருந்து அந்தச் சட்டம் இல்லை. தினமும் அந்த நேரத்துக்கு இரண்டு பேரும் பெட்டிக்கு முன்னால் இருப்போம். அவர் பெயர் வரவில்லை என்றால் அன்றைக்கு ஒரு நாள் கழிந்தது. மறுநாள் காலையில் பயம் மறுபடி தொடங்கும். நல்ல சேதி அதில் வராது. சேதி வராததுதான் நல்ல சேதி. அதை நம்பி எத்தனை நாள் உட்கார முடியும்? ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை. மதினியும் வந்து நிலைப்படியில் உட்காருவாள். அந்த நேரம் மட்டும் வாய் திறக்க மாட்டாள்.

ஆனியில் ரிப்பேர்காரர் சொன்னபடியே வந்தார். ஏரியலை அண்ணாந்து பார்த்தார். "யாரு கட்டுனது?" என்றார். சொன்னேன். ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆடியில் என் வீட்டுக்காரர் வந்தார். மானாமதுரையில் வண்டி மாறித் திருச்சுழியில் இறங்கி நடந்தே வந்திருக்கிறார். கையில் ஒரு பை. வேறு ஒன்றும் இல்லை. பாதி ஆளாக இருந்தார். மாமியார் அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். வெகு நேரம் திரும்பவில்லை.

கடை மூடிக் கிடந்தது என்றார். கடிதம் எழுதினேன், போகவில்லை என்றார்.

சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்று மேலே பார்த்தார்.

"யாரு கட்டுனது?"

"நாந்தான்."

"நான் கட்டுன மாதிரியே குறுக்காக் கட்டிருக்க."

"குறுக்காக் கட்டணும்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"நீ கேக்கலயே."

சாயங்காலம் அந்த வாத்தியம் வந்தது. அவர் தாயாருக்காகச் சட்டென்று எழுந்து குமிழைத் திருகப் போனார். மாமியார், "இருக்கட்டும்" என்றார். அவர் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் வந்துட்டேனே ஆத்தா."

"நீ வந்துட்ட. உன்கூடக் கடையில இருந்தவுக?"

அவர் குமிழை விட்டு நகர்ந்தார். நின்றபடியே அறிவித்தலைக் கேட்டார். ஒவ்வொரு ஊர் வரும்போதும் அவர் கைவிரல் மடங்குவதைப் பார்த்தேன். அறிவித்தல் முடிந்ததும் வெளியே போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது குப்பைக்கிடங்குப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் உப்புக் கிணற்றிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கடப்பாரை அடியில் ஏற்கனவே ஈரமாக இருந்தது. அவர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.